கல்யாணத்துக்கு ஏற்ற ஒயர்

டிவிடி ப்ளேயரை எல்லோரும் முன்பக்கம் பார்த்துத்தான் வாங்குகிறோம். வெள்ளி நிறம், வழவழப்பு, பொத்தானை அமுக்கினால் தட்டு வெளியே வரும் நளினம். வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் திருப்பிவைக்கும்போதுதான் பின்பக்கம் தெரிகிறது. அங்கே ஒரு டஜன் ஓட்டை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அதற்குக் கீழே பச்சை, நீலம், மறுபடியும் ஒரு சிவப்பு. ஓரத்தில் நாலு புள்ளி குத்திய ஒரு சின்ன வட்டம். ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று. அது எதற்கு என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டிக்குள்ளேயே ஒரு ஒயர் இலவசமாக இருக்கும். இந்தப் பக்கம் மூன்று பின், அந்தப் பக்கம் மூன்று பின். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. நிறத்துக்கு நிறம் சொருகினால் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் முக்கால்வாசி வீடுகளில் டிவிடியின் சரித்திரம் இந்த ஒயரோடு நிம்மதியாக முடிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் முடியாததற்குக் காரணம், நாங்கள் 29 இன்ச் ஃப்ளாட் டிவி வாங்கியிருந்ததும், அதை நான் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னதும்.

"29 இன்ச் வச்சுக்கிட்டு ஓசி ஒயர்லயா சார் படம் பாக்குறீங்க?" என்றார் அவர். குரலில் கண்டிப்பு இல்லை, துக்கம் இருந்தது. மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் அதே மூன்று பின், ஆனால் தங்க முலாம் பூசியது. அடுத்து எஸ்-வீடியோ. நான்கு மெல்லிய கம்பிகள் கொண்ட அந்த உருண்டை பின் ஒரே ஒரு கோணத்தில்தான் உள்ளே போகும். கொஞ்சம் திருகினாலும் கம்பி வளையும். இவ்வளவு நாசூக்குக் காட்டிவிட்டுச் சத்தத்தையாவது கொண்டுபோகிறதா என்றால் அதுவும் இல்லை, அதற்குத் தனி ஒயர். கடைசியாக காம்போனென்ட். படத்துக்கு மட்டுமே மூன்று பின்: பச்சை, நீலம், சிவப்பு. விலை 650 ரூபாய். அப்போது மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப்பட டிவிடியை 34 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த காலம். பத்தொன்பது படம் வாங்கும் காசை ஒன்றரை மீட்டர் ஒயருக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கையோடு மகள் கல்யாண டிவிடியும் வந்திருந்தது. காலையில் ஓசி ஒயரிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்தாயிற்று. வீடியோக்காரர் மணமக்களைத் தாமரைப்பூவுக்குள் உட்காரவைத்து, பூவை சுவிட்சர்லாந்து மலைமேல் பறக்கவிட்டிருந்தார். பெரியம்மாவின் கண் மலையில் இல்லை. முகூர்த்தத்துக்கு அவர் கட்டியிருந்த பொடிக்கட்டம் போட்ட பட்டுச்சேலையில் இருந்தது. அவர் நகரும்போதெல்லாம் சேலையில் பச்சையும் ஊதாவும் வானவில்லாக ஓடின. "கேமராவுல எப்படி மின்னுது பாரு" என்று என் மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அது பட்டின் மினுமினுப்பு இல்லை. மஞ்சள் பின்னின் கோளாறு. டிவிடி தட்டில் வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும்தான் பதிவாகியிருக்கிறது. ப்ளேயர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து மஞ்சள் பின்னில் அனுப்பும். டிவி அதை வாங்கி மறுபடி பிரிக்க வேண்டும். நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வருகிறது. பொடிக்கட்டச் சேலையும் திரையில் ஏறக்குறைய அதே வேகத்தில் கறுப்பு வெள்ளையாகத் துடிக்கும். இது கட்டமா, நிறமா என்று டிவிக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் அதற்கு இல்லை, இல்லாத நிறத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வெளிநாட்டில் செய்துகொண்ட சமரசம் இது. 1982-ல் நமக்கு வண்ண ஒளிபரப்பு வந்தபோது சமரசமும் கூடவே வந்து இறங்கிவிட்டது. எஸ்-வீடியோ நிறத்தைத் தனிக் கம்பியில் பிரித்து அனுப்பும். காம்போனென்ட் இன்னும் ஒரு படி மேலே போய், தட்டில் இருப்பதை ஏறக்குறைய அப்படியே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும்.

சொருகும் வேலையை என் மச்சினன் எடுத்துக்கொண்டான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எனவே வீட்டில் எதைத் தொடவும் அவனுக்கு உரிமை உண்டு. ப்ளேயரின் பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. தரையில் குப்புறப் படுத்து, கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவிச் சொருகினான். மொத்தம் ஐந்து பின், அதில் சிவப்பு இரண்டு: ஒன்று படத்துக்கு, இன்னொன்று வலது பக்கச் சத்தத்துக்கு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனிதகுலத்தை நம்பியவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் சொருகலில் இரண்டு சிவப்பும் இடம் மாறின. திரையில் எல்லோர் முகமும் பாசி பிடித்த நிறம். வலது ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று விடாத ஒரு சத்தம். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறார்கள் என்று பெரியம்மா முதலில் பேசாமல் இருந்துவிட்டார். நாதஸ்வரம் நின்ற பிறகும் ஒத்து நிற்காதபோதுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. இரண்டாவது சொருகலில் சத்தம் சரியாயிற்று. ஆனால் நீலமும் சிவப்பும் மாறிப்போய், மாப்பிள்ளை கிருஷ்ண பரமாத்மா நிறத்தில் தாலி கட்டினார். "கொஞ்சம் மாநிறம்தான், அதுக்காக இப்படியா?" என்றார் பெரியம்மா. மூன்றாவதில் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தது.

உண்மையாகவே படம் நன்றாக இருந்தது. மாலையில் பூ பூவாகத் தெரிந்தது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடையாளம் சொல்ல முடிந்தது. சிவப்பு ஜமுக்காளத்தின் ஓரத்தில் எப்போதும் ஊர்ந்துகொண்டிருந்த புள்ளிகளைக் காணவில்லை. சேலையில் கட்டம் கட்டமாக நின்றது.

பெரியம்மா முகம் சுருங்கிவிட்டது. "பட்டு மின்னவே இல்லையேடா. நூல் சேலை மாதிரி இருக்கு. காலையில நல்லாத்தானே இருந்துச்சு. எவ்வளவு கொடுத்தே இந்த ஒயருக்கு?"

650 என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. இன்னும் மெருகேற்றினால் பெரியம்மா சமாதானமாவார் என்று நினைத்த மச்சினன், "புரோகிரஸிவ் வச்சா சூப்பரா இருக்கும் மாமா" என்று மெனுவுக்குள் போய் எதையோ மாற்றினான். திரை இருட்டானது. எங்கள் டிவிக்கு அந்த வகைப் படத்தை வாங்கிக்கொள்ளத் தெரியாது. அந்தக் காலத்து டியூப் டிவிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். பழையபடி மாற்ற வேண்டுமென்றால் மெனுவுக்குப் போக வேண்டும். மெனுவைப் பார்க்கப் படம் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிய கதைதான். மஞ்சள் பின்னை மாட்டிப் பார்த்தோம், அதிலும் கறுப்பு. இந்த மோடில் மஞ்சளை ப்ளேயரே நிறுத்திவிடும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, கோபத்தில் இருந்த பெரியம்மா ரிமோட்டை எடுத்து, இருந்த எல்லாப் பொத்தானையும் மேலிருந்து கீழாக அமுக்கிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு பொத்தானில் படம் வந்துவிட்டது. மஞ்சள் பின் மாட்டியிருந்ததால் வானவில்லும் சேர்ந்து வந்தது. "இதை யாரும் தொடாதீங்க" என்று ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். 21 இன்ச் வரைக்கும் ஓசி ஒயரே தாராளம். 29 இன்ச்சில் மஞ்சளிலிருந்து காம்போனென்டுக்கு மாறினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் வீட்டில் பொடிக்கட்டச் சேலை இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளவும். தங்க முலாம், பின் கறுத்துப்போகாமல் இருக்க உதவும். கடற்காற்று அடிக்கும் சென்னையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. படத்தின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு எல்இடி டிவி வந்தது. 43 இன்ச். பின்னால் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் ஓட்டையே கிடையாது. சர்வீஸ் ஆள், பச்சை ஓட்டையைச் சுற்றி மெல்லிசாக மஞ்சள் வளையம் இருப்பதைக் காட்டி, "மஞ்சளைப் பச்சையில சொருகுங்க சார்" என்றார். நிறத்துக்கு நிறம் என்று இருந்த ஒரே தர்மமும் போயிற்று. கொஞ்ச நாளில் பழைய ப்ளேயர் தட்டைப் படிக்காமல் முனக ஆரம்பித்தது. எச்டிஎம்ஐ உள்ள புதிய ப்ளேயர் ஒன்று வாங்கினோம். 2002-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த இந்த ஒயரில் நிறம் இல்லை, சிவப்புக் குழப்பம் இல்லை. படமும் சத்தமும் ஒன்றாகப் போகும். குப்புறப் படுத்தும் சொருகலாம். ரிச்சி தெருவில் அதே கடைக்காரர், கொஞ்சம் நரைத்திருந்தார், 4கே ஒயரை எடுத்து வைத்தார். 18 ஜிகாபிட்டாம். டிவிடி ப்ளேயருக்கு அதில் கால்வாசி போதும். சாதா ஒயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுபடியும் அந்தத் துக்கம்.

என்ன ஒயர் போட்டாலும் தட்டில் இருப்பது 720க்கு 576 புள்ளிதான். ஃபுல் எச்டி திரையை நிரப்ப அதைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். ஆகவே திரையில் தெரியும் ஐந்து புள்ளியில் நான்கை ப்ளேயரோ டிவியோ உத்தேசமாகப் போட்டுக்கொள்கிறது. நம் குடும்பங்களில் பழைய கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதும் உத்தேசத்தின் அளவு அவ்வளவுதான் இருக்கும் என்பதால் நான் குறை சொல்வதில்லை.

போன பொங்கலுக்குப் பெரியம்மா வந்தபோது அந்த டிவிடி மறுபடி ஓடியது. அகலத்திரை எல்லோரையும் மூன்றில் ஒரு பங்கு பெருக்க வைத்திருந்தது. "மாப்பிள்ளை அப்பவே இவ்வளவு குண்டா?" என்றார். சதுரத்துக்கு மாற்றினேன். மாப்பிள்ளை இளைத்தார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"ஓரத்துல ஏண்டா இருட்டா இருக்கு?"

"எடுத்ததே அவ்வளவுதான் பெரியம்மா."

"சும்மா சொல்லாதே. அந்த இருட்டுலதான் எங்க சின்ன நாத்தனார் நின்னா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." சற்று நேரம் அந்த இருட்டையே உற்றுப் பார்த்தார். "நீ ஒயர் வாங்குற கடையில, ஓரத்துல நிக்கிறவங்களையும் காட்டுற மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேளேன்."

கேட்கலாம். அவர் இல்லை என்று சொல்லமாட்டார் என்பதுதான் என் பயம்.