நாணயத் தழும்பியல்: பிறவிக்குறையும் பட்ட காயமும்

மளிகைக் கடைக் கல்லாப்பெட்டியையும் பேருந்து நடத்துநரின் தோல் பையையும் களமாகக் கொண்ட தழும்பியல் என்னும் துறைக்கு, எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை இருக்கை ஒதுக்கவில்லை. கருவிகள் எளியவை: பூதக்கண்ணாடி, நகைக்கடைத் தராசு, நிறைய ஓய்வு நேரம். ஆய்வு வினாவும் ஒன்றுதான். கைக்கு வந்த கோணல் நாணயம் நாணயச்சாலையிலேயே கோணலாகப் பிறந்ததா, தெருவுக்கு வந்து அடிபட்டுக் கோணலானதா?

முன்னதற்குச் சேகரிப்பாளர் கூடுதலாகக் காசு கொடுப்பார். பின்னதை டீக்கடைக்காரர்கூடத் திருப்பித் தள்ளுவார்.

பிறப்பு முறை தெரியாமல் பிறவிக்குறை பேசலாகாது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படும். விளிம்பு சற்று மேடாக்கப்படும். பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் இரும்பு வளையம், நடுவே வில்லை. ஓங்கி ஓர் அடி. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் இந்த அடி விழுகிறது. ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பை, விண்மீன் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. அச்சு செய்வதும் வில்லை வெட்டுவதும் தொடங்கி அந்த அடி விழுந்து முடியும்வரை நடந்திருக்கக்கூடியது மட்டுமே பிழை. மற்றதெல்லாம் விபத்து.

இதிலிருந்து முதல் சோதனை கிடைக்கிறது: மேடா, பள்ளமா? அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் பிதுங்கி, நாணயத்தில் மேடான கோடாக நிற்கும். ஆணி கீறினால் பள்ளம் விழும். தோண்டப்பட்ட உலோகம் கரையில் குவிந்து விரலில் உறுத்தும். சிங்கத்தின் கன்னத்தில் அப்படியொரு பள்ளம் தெரிந்தால், ஸ்க்ரூடிரைவர் இல்லாத ஏதோ ஒரு வீட்டில் அந்த நாணயம் பணியாற்றியிருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

அஃதேல், எழுத்து அழிந்த நாணயமெல்லாம் தேய்ந்ததோ எனின், அன்று. அச்சின் குழிகளில் கிரீஸ் அடைத்துக்கொண்டாலும் எழுத்து விழாது. தேய்மானம் மேடான இடங்களையே முதலில் தின்னும். சிங்கத்தின் பிடரி இழை இழையாகத் தெரிய, பக்கத்து எழுத்து மட்டும் பாதி காணோமென்றால் குற்றவாளி கிரீஸ்தான்.

பிழைகளில் அழகானது பிறைவெட்டு. ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் வெட்டுப்பொறி மறுபடியும் விழுந்தால், கடித்த பிஸ்கட் போல ஒரு வில்லை வெளிவரும். ஓரத்தை அரத்தால் ராவி இதையே வீட்டில் செய்பவர்களும் உண்டு. அவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வெட்டு அல்ல, அதற்கு நேர் எதிர்ப்புற விளிம்பு. விளிம்பை மேடாக்கும் பொறியில் ஒருபுறம் பிடிப்பில்லையென்றால் மறுபுறமும் அழுத்தம் கிடைக்காது; எனவே அசல் பிறைவெட்டுக்கு எதிரே விளிம்பு சோர்ந்து கிடக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்பது இதன் பெயர். ராவுகிறவருக்கு எதிர்ப்புறத்தையும் சோர வைக்கத் தோன்றுவதில்லை.

துளை என்றாலே காயம் என்று சொல்ல வந்த அறிஞரை ஓட்டைக் காலணா தடுக்கும். 1943 முதல் 1947 வரை அதன் நடுத்துளை அரசாங்கமே போட்டது. போர்க்காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

பத்து ரூபாய்க்குத் தனி இயலே வேண்டும். மஞ்சள் வளையமும் வெள்ளை நடுப்பகுதியும் ஒரே அடியில்தான் சேர்கின்றன. அந்த அடியிலேயே படமும் விழுகிறது. வளையத்தின் துளை ஓரமாக வெட்டப்பட்டிருந்தால் நடுப்பகுதி ஒதுங்கியிருக்கும், படமோ நாணயத்தின் மையத்திலேயே இருக்கும். அது பிழை. நடுப்பகுதியும் அதன் படமும் வளையத்தோடு பொருந்தாமல் திரும்பியிருந்தால், யாரோ தட்டிக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். ரூபாய்க் குறி இருப்பது, இல்லாதிருப்பது போன்ற வேறுபாடுகள் பிழையே அல்ல. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அறிவிப்பைத் தமிழ்நாட்டுக் கடைகள் பல ஏற்கவில்லை என்பது தழும்பியலின் எல்லைக்கு வெளியே உள்ளது.

இரட்டை எழுத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது 1955-ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட். அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்துவிட்டதால் ஆண்டும் எழுத்தும் இரண்டிரண்டாக விழுந்தன. 23 சென்ட் சிகரெட்டுக்கு 25 சென்ட் வாங்கும் இயந்திரங்களுக்காக, மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட் உறைக்குள்ளேயே செருகி வைத்த காலம் அது. இந்தப் பிழைகளில் பல அப்படித்தான் புகைப்பவர் கைக்குப் போயின. அடி விழும்போது அச்சு தளர்ந்து ஆடினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆனால் அங்கே எழுத்தின் ஓரம் படியாகத் தட்டையாக நசுங்கியிருக்கும். அசலில் இரண்டாம் எழுத்தும் முதலெழுத்தைப் போலவே திரண்டு நிற்கும். நசுங்கலுக்குச் சந்தையில் மதிப்பு மிகக் குறைவு.

வைஷ்ணவ தேவி உருவமுள்ள ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களும் உண்டு. அது பிறவிக்குறையுமல்ல, காயமுமல்ல. 2012-இல் வெளியான நினைவு நாணயம். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்குவதாக ஏமாற்றுகிறவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

எஞ்சியது இருபுறமும் தலை. மாயவித்தைக்காரர்கள் ஒரு நாணயத்தைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்துவார்கள். உள்விளிம்பையொட்டி மயிரிழை இணைப்பு ஓடும்; மேசையில் போட்டால் ஒலி மந்தமாக வரும். 1975-இல் வந்த ‘ஷோலே’ படத்தில் ஜெய் சுண்டிய நாணயத்தை வீரு ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால், பாலத்தில் தங்கியவர் வேறொருவராக இருந்திருப்பார்.