ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்

குறும்படம் எடுக்கும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். இயக்குநர் இல்லை, கேமராக்காரர் இல்லை, நடிகரும் இல்லை. ரெக்கார்டர் வாங்கப் போகிறவர். போன பொங்கலுக்கும் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். வருகிற பொங்கலுக்கும் போய்க்கொண்டிருப்பார். வடபழனி டீக்கடையில் மற்றவர்கள் கதை பேசும்போது இவர் டெசிபல் பேசுவார். இவருடைய செல்போனில் ஓர் அட்டவணை உண்டு. குறுக்கே ஜூம், டாஸ்காம், சோனி. நெடுக்கே இரைச்சல் அளவு, எக்ஸ்எல்ஆர் துளைகள், பேட்டரி ஆயுள், விலை. எலக்ட்ரானிக்ஸ் விற்கும் ரிச்சி தெருக் கடைக்காரர்கள் இவர் தலையைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுவதில்லை. இரண்டு கருவிகளின் இரைச்சலை ஒப்பிடும் வீடியோவை மாநகரப் பேருந்தில் தொங்கியபடி இயர்போனில் கேட்டு, “இதுல ஹிஸ் கம்மி சார்” என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். வீடியோவின் ஒலி நசுக்கப்பட்ட பிறகுதான் இணையத்தில் ஏறுகிறது என்பதோ, பேருந்து எஞ்சினும் கூடவே உறுமுகிறது என்பதோ தீர்ப்பை அசைப்பதில்லை.

இவரை வெறும் கோமாளியாக்கிவிட முடியாது. இவர் தோன்றியதற்கு நியாயம் இருக்கிறது. 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபோது, கையடக்கமான ஸ்டில் கேமராவில் சினிமாத் தரத்துக்குப் படம் பிடிக்க முடிந்தது. ஒலி மட்டும் அநாதையாக நின்றது. ஒலியளவை நாமே வைத்துக்கொள்ள வழியில்லை. ஹெட்போன் செருகத் துளை இல்லை. ஒலியைக் கேமராவே ஏற்றும், இறக்கும். நாயகி உருக்கமாக ஒரு கணம் நிறுத்தினால் கேமரா பதறிப்போய் ஒலியை ஏற்றிவிடும். அந்த இடைவெளியில் மின்விசிறி வசனம் பேசும். 2010 மார்ச்சில் கேனன் மென்பொருளைத் திருத்தி ஒலியளவைக் கையில் கொடுத்தது. அதற்குள் 2009-இல் வந்த ஜூம் எச்4என் ரெக்கார்டர் பல கேமராக்காரர்களின் பைக்குள் புகுந்துவிட்டது. கோடம்பாக்கத்துப் பெரிய படங்களுக்கு இந்தத் தலைவலி அதிகம் இல்லை. படப்பிடிப்பில் பிடிக்கும் ஒலி பெரும்பாலும் வழிகாட்டத்தான். பேச்செல்லாம் டப்பிங் தியேட்டரில் மறுபிறவி எடுக்கும். 2001-இல் இந்திப் படமான ‘லகான்’ நேரடி ஒலிப்பதிவில் வந்தது பெரிய பேச்சானதே இதனால்தான். டப்பிங்குக்குக் காசில்லாத குறும்படக்காரர்களுக்கோ ரெக்கார்டர் உண்மையான தேவை. ஆகவே இவருடைய கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடை அட்டவணையில் இருக்கிறது என்று நம்புவதுதான் கோளாறு.

எப்படியென்றால், மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இருக்கிறதே, இவர் உயிரைக் கொடுத்து ஒப்பிடும் அதன் இரைச்சலையே எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த கருவியில் மைனஸ் 120 டிபியு, விலை கூடியதில் மைனஸ் 127 என்று வையுங்கள் (மைனஸ் கூடக்கூட இரைச்சல் குறைவு). இந்த 7 டெசிபலுக்காக இன்னும் பல ஆயிரம் சேர்க்க வேண்டும் என்று படப்பிடிப்பைத் தள்ளிப்போடுகிறார். 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் மைக்கை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் பேச்சு 12 டெசிபல் உயர்கிறது. தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல். செலவு, கையை நீட்டும் சிரமம். தவிரவும், நம் ஊர் வீட்டு அறையில் ஃபேன், ஃப்ரிட்ஜ், எதிர்வீட்டு மிக்ஸி, தெருவில் ஆட்டோ ஹாரன் எல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் மட்டத்துக்கு எவ்வளவோ கீழே கிடக்கிறது இவர் தேடும் அந்த 7 டெசிபல். “சில மைக்குகளுக்கு நல்ல ப்ரீஆம்ப் வேண்டுமே?” என்பார். வேண்டும்தான். மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்கில் தள்ளி நின்று பேசினால், நட்ட நடுக்காட்டில் பறவையைப் பதிவு செய்தால், வேண்டும். இவர் எடுக்கப்போவது சாலிகிராமத்து மாடிப்படியில் ஒரு காதல் முறிவு.

அப்படியானால் மைக்கை ஏன் நகர்த்துவதில்லை? இங்கேதான் இவருடைய சுபாவம் பிடிபடுகிறது. மைக்கை நகர்த்த மனிதர்களிடம் பேச வேண்டும். ஃபிரேமுக்குள் பூம் கழி எட்டிப்பார்த்தால் கேமராக்காரர் முறைப்பார். லேப்பல் மைக்கைச் சட்டைக்குள் ஒளிக்க வேண்டுமென்றால் நடிகரிடம் கூச்சத்தோடு கேட்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறக்காமல் போட வேண்டும். (ஒலிப்பதிவாளர்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே.) டெசிபல் யாரையும் முறைப்பதில்லை, எதிர்த்துப் பேசுவதும் இல்லை. வாய்விட்டு நாலு பேரிடம் கேட்க வேண்டியதை இவர் ஒரு கருவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு, ஒலியளவை முன்கூட்டிச் சரியாக வைக்காவிட்டாலும் உச்சம் சிதையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் வந்தது. 2019-இல் ஜூம் எஃப்6 அதைக் கைக்கடக்கமாகக் கொண்டுவந்ததும் இவர் முகத்தில் ஞான ஒளி. அதன் ஏட்டுக் கணக்கு வீச்சு 1,500 டெசிபலுக்கும் மேல். நம் வளிமண்டலத்தில் ஓர் ஒலி சிதையாமல் போகக்கூடிய உச்சமே சுமார் 194 டெசிபல்தான். மிச்சத்தை எந்தக் கதாநாயகன் கத்தி நிரப்பப் போகிறான் என்று தெரியவில்லை. இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. கல்யாண வீட்டில் தனி ஆளாகப் படம் பிடிப்பவர், புரோகிதரின் முணுமுணுப்புக்கு அளவை ஏற்றி வைத்திருப்பார்; திடீரென்று கெட்டிமேளம் முழங்கும். அந்த நொடியில் 32 பிட் ஃப்ளோட் தெய்வம்தான். ஆனால் மைக்கே திணறிப்போனால் ரெக்கார்டர் என்ன செய்யும்? காற்று மோதிய மைக்கையும், வெறும் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலியையும் எந்த ஃப்ளோட்டும் மிதக்க வைக்காது.

அட்டவணையில் இடம்பெறாத விஷயங்கள்தான் படத்தைக் கவிழ்க்கின்றன. எச்4என்னில் ரெக்கார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும்; அது ஆயத்தம் மட்டுமே. இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவாகும். சிமிட்டும் விளக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு முழுக் காட்சியையும் மௌனமாக எடுத்தவர்கள் உலகெங்கும் உண்டு. கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினால் போதும், ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் பிசகும்; ஏறக்குறைய இரண்டு ஃபிரேம். நீண்ட நேர்காணலில் உதடு முன்னே போகும், சொல் பின்னே வரும். கிளாப் அடிக்காமல் விட்டால் எடிட்டர் அடிப்பார். பூட்டு விசை இருக்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா, பேட்டரி தீர்ந்து அணையும்போது ஃபைலை மூடிவிட்டு அணையுமா என்பதையெல்லாம் கையில் எடுத்து ஒரு நாள் புழங்கித்தான் அறிய முடியும். அதற்கு முதலில் கையில் எடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. குழுவில் எல்லோரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துத் தெருவில் குக்கர் விசில் அடித்ததைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். இவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் பூம் கழியைத் திணித்து, நடிகரின் தலைக்கு மேல் நிறுத்திவிட்டால் ஒலி தேறிவிடும். கூச்சமும் இரண்டாம் நாளில் போய்விடும். ரெக்கார்டரை வேறு யாராவது போய் வாடகைக்கு எடுத்து வந்துவிடலாம். எந்த மாடல் என்று மட்டும் இவரிடம் கேட்டுவிடக் கூடாது.