துள்ளும் இளமை

கேள்வி: என்னிடம் 1992-ஆம் வருஷத்து யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகுகிறது. பின்புறம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. சகாய விலையில் பாகங்கள் கிடைக்க மார்க்கம் உண்டா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: 1996-இலேயே உற்பத்தி நின்றுபோன வாகனத்துக்கு 'ஒரிஜினல்' என்று சத்தியம் செய்து விற்கப்படும் பாகங்களில் பல, அந்த வாகனத்தைவிட வயதில் மிக இளையவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ காலடி எடுத்து வையுங்கள். ஆயில் சீலின் மேனியிலேயே உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கமாதலால், வண்டியின் திவ்விய நாமத்தை உச்சரிக்காமல் அளவை மாத்திரம் சொல்லி பேரிங் கடையில் கேட்பவருக்கு அது அற்ப விலைக்கே வாய்க்கக்கூடும். ஆனால் ஃபோர்க் குழாயில் துருக்குழிகள் விழுந்திருந்தால், எத்தனை சீல் போட்டாலும் அத்தனையையும் அது தின்று தீர்க்கும். குழாயைத் தேய்த்து ஹார்டு குரோம் பூசித் தரும் பட்டறையே அப்போது கதி.

பின்புற ஷாக் அப்ஸார்பரைப் பழைய சரக்காக வாங்குவதாயின் ஜோடியாகவே வாங்குங்கள். அமுக்கிவிட்டதும் நிதானமாக எழுந்தால் உள்ளே எண்ணெயும் உயிரும் உண்டு. சட்டென்று துள்ளினால் ஸ்பிரிங் மட்டுமே மிச்சம். வியாபாரி அந்தத் துள்ளலையே யௌவனத்தின் லட்சணமென்று வர்ணிப்பார்; ரசித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.