லிக்கர் ரேஷியோ: திருப்பூர் மொட்டை மாடிக் கலவைகள் குறித்து ஒரு முன்னாய்வு

திருப்பூரில் வாரம் திங்கட்கிழமை தொடங்குவதில்லை. சனிக்கிழமை ராத்திரி, சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. மளிகைக்கடை பாக்கி, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் போக மிஞ்சுவதில் ஒரு பங்கு திரவமாகிறது. அந்தத் திரவம் எத்தனை பெட்டி போனது என்பதற்கு அரசாங்கத்திடம் கணக்கு உண்டு. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்துவிட்டதே. ஆனால் மூடியைத் திருகிய பிறகு, டம்ளர் உதட்டுக்கு வருவதற்குள், அதில் என்னென்ன சேர்கிறது என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த ஆய்வு.

களம்: அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு வாடகை வீட்டின் மொட்டை மாடி. பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் உபகரணத் தட்டுப்பாடு இல்லை. எவர்சில்வர் டம்ளர் வேண்டிய அளவில் கிடைத்தது. காலம்: மூன்று சனிக்கிழமைகள், ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு. தகவலாளிகள் மூவர். சாயப்பட்டறை டையிங் மாஸ்டர் ஒருவர். எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர். முப்பது வருஷமாக ஓவர்லாக் ஓட்டும் டைலர் ஒருவர். அவரை எல்லோரும் மாமா என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே. ஆய்வாளன் குறிப்பெடுத்தான். மூன்றாம் சனிக்கிழமைக் குறிப்புகள் கோணல்மாணலாக இருப்பதற்கு மாடி விளக்கின் மங்கலே காரணம்.

ஆய்வைத் தூண்டியவர் மெர்ச்சண்டைசர் தம்பி. பையரோடு ஹாங்காங் போய்வந்தவர், அங்கே ஒரு பாரில் இஞ்சிப்புல், புளி, யுசு என்று ஆசியச் சரக்கெல்லாம் போட்டுக் காக்டெயில் தருகிறார்கள், அதை நாமும் வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்றார். யுசு என்றால் என்ன என்று மாமா கேட்டார். ஜப்பான்காரர்களின் எலுமிச்சை மாதிரி, தோல் தடிப்பாக, வாசனை தூக்கலாக இருக்கும் என்று தம்பி விளக்கினார்.

"நார்த்தங்காய்னு சொல்லுங்க தம்பி," என்றார் மாமா. தாவரவியல்படி இரண்டும் வேறுவேறு. ஆயினும் மாடியில் அது பெரும்பான்மை முடிவாயிற்று.

இனிக் கலைச்சொல் சிக்கல். சாயப்பட்டறையில் 'லிக்கர்' என்றால் துணி ஊறும் சாயத்தண்ணி. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்பதே லிக்கர் ரேஷியோ. மெஷினைப் பொறுத்து ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு எட்டு என்று போகும். டாஸ்மாக்கில் லிக்கர் என்றால் தண்ணி அல்ல. ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும் அதற்குப் பெயர் தண்ணி. ஆகத் தண்ணியில் தண்ணி ஊற்றுவதற்கு எவ்வளவு தண்ணி என்ற கேள்வியைப் பிழையில்லாத தமிழில் கேட்கவே முடியாது. மாஸ்டர் இதைத் தொழில்முறையில் தீர்த்துவைத்தார். "ஒன்னுக்கு ஆறுதானுங்க கணக்கு. அதுக்குக் கொறஞ்சா ஷேடு டார்க்காப் போயிரும். அப்பறம் ஸ்டிரிப்பிங் பண்ண ஞாயித்துக்கெழம பத்தாது." அதாவது 60 மில்லிக்கு 360 மில்லி. "இது தண்ணிப் பந்தலுங்க மாஸ்டர்," என்று மாமா வருத்தப்பட்டார். மாமாவின் மரபு ஒன்றுக்கு ஒன்று. மரபு பழையது என்பதற்காக அதை ஆய்வாளன் பரிந்துரைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைப் பார்த்தவன் அவன்.

விகிதத்தைவிட வரிசைதான் பெரிய விவாதம். ரியாக்டிவ் சாயத்தில் பருத்தித்துணி நனையும்போது முதலில் உப்பு போடுவார்கள்; சாயம் தண்ணியை விட்டுத் துணிக்கு ஏறும். பிறகு சோடா, ஏறிய சாயம் அப்போதுதான் நூலோடு பிணைந்து நிற்கும். கடைசியில் அசிட்டிக் ஆசிட் விட்டுக் காரத்தை முறிப்பார்கள். உப்பு, சோடா, ஆசிட். இதே வரிசைதான் டம்ளருக்கும் என்பது மாஸ்டரின் கோட்பாடு: முதலில் ஒரு சிட்டிகை உப்பு, பிறகு சோடா, கடைசியில் எலுமிச்சை. பட்டறைச் சோடா சோடியம் கார்பனேட் என்ற காரம், குடிக்கிற சோடா கார்பானிக் அமிலம் என்று ஆய்வாளன் ஆட்சேபித்தான். பெயர் ஒன்றாக இருந்தால் போதும், அதன்மேல் ஒரு கோட்பாடே கட்டிவிடலாம் என்பது நம் ஆய்வுலகில் நிறுவப்பட்ட முறைதான் என்பதால் ஆட்சேபணை விலக்கிக்கொள்ளப்பட்டது. உப்பு விஷயத்தில் மாஸ்டர் சொல்வது மெய்யாகவே சரி. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கும். நன்னாரி சர்பத் சேர்த்திருந்தால் அதன் வாசனை முன்னுக்கு வரும்.

எலுமிச்சை முதலிலா கடைசியிலா என்பதை அறிய மூன்று டம்ளர்களில் ஒரே அளவு ஊற்றி, அடையாளத்துக்கு எஸ், எம், எல் என்று சைஸ் லேபிள் ஒட்டி வைத்தோம். எல் டம்ளரில்தான் சரக்கு அதிகம் என்று மாமா கடைசிவரை சாதித்தார். அளந்து காட்டியும் நம்பவில்லை. லேபிளை எம்முக்கு மாற்றிய பிறகு, "இப்பக் கொறஞ்சிருச்சு பாருங்க," என்றார்.

சோடாவுக்கு வருவோம். பிராந்திக்குப் பன்னீர் சோடா என்பது மாமாவின் பள்ளி. ரோஜா வாசனையும் இனிப்பும் சேர்ந்து பிராந்தியின் எரிச்சலை மூடிவிடும். குடிப்பவருக்குக் கல்யாண வீட்டில் நுழைந்த மாதிரி ஓர் உணர்வு வரும். மாஸ்டர் கோலி சோடாப் பள்ளி. கழுத்தில் கோலிக்குண்டு அடைத்த அந்தப் பாட்டிலுக்கு 1870களில் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். அவர் ஊரில் பாட்டில் வழக்கொழிந்து போயிற்று. பையன்கள் கோலிக்காகவே பாட்டிலை உடைத்தது ஒரு காரணம் என்பார்கள். இங்கேயும் ஜப்பானிலும் அது பிழைத்துக்கொண்டது. ஜப்பானில் அதற்கு ராமுனே என்று பெயர். 2025இல் கோலி சோடா வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது என்று மத்திய வர்த்தக அமைச்சகமே பெருமையாக அறிவித்தது. இங்கிலாந்தில் பிறந்து, இங்கே வளர்ந்து, திரும்ப இங்கிலாந்துக்கே போகிறது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பொறுக்கியவர்களுக்கு இந்த எதிர்ப்பயணம் புரியும். போக வேண்டிய சரக்கு திரும்பி வரும். வந்தது மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் லேபிளும் விலையும்தான் மாறும்.

இந்த இடத்தில்தான் தம்பியின் 'ஆசியச் சரக்கு' வாதம் ஆட்டம் காண்கிறது. காக்டெயில் என்ற சொல்லுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது 'பஞ்ச்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எழுத்தில் வரும் மிகப் பழைய சான்று 1632இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளான ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய கடிதம். அவர் எழுதியது லண்டனில் இருந்த ஒருவருக்கல்ல, சோழமண்டலக் கரையின் வடக்கே, இப்போது நிஜாம்பட்டினம் எனப்படும் ஊரில் இருந்த கம்பெனி வியாபாரிக்கு. வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள், பஞ்ச் குடி என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆளால் ஒரே நாளில் ஆகுமா என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பஞ்ச் என்றால் ஐந்து என்றும், சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்ததால் அந்தப் பெயர் என்றும் பெரும்பாலோர் சொல்வார்கள். பீப்பாயைக் குறிக்கும் பஞ்சியன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அவர்கள் பீப்பாயை வைத்துக்கொள்ளட்டும். ஐந்தும் நம் கரையில் கிடைத்தவை.

கம்பெனிக்காரர்கள் நம் மிளகுத்தண்ணீரை 'முல்லிகடாவ்னி' ஆக்கி சூப்புக் கிண்ணத்தில் ஊற்றியதும் இதே கதைதான். ஜின்னில் கலக்கும் டானிக் தண்ணீரின் கசப்பு கொய்னா. அந்த மரப்பட்டைக்காக 1860களில் நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் போட்டார்கள், ஊட்டி தாண்டி நடுவட்டம் வரைக்கும். இன்னும் கிட்டே வருவோம். நம் பிராந்தியில் திராட்சை பெரும்பாலும் லேபிளில்தான். அடிப்படைச் சாராயம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வருவது. மடத்துக்குளம் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அந்தக் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் காய்ச்சிய ஆலை. ஆகக் குவார்ட்டரில் ஆசியச் சரக்கை எப்படிச் சேர்ப்பது என்று தம்பி கேட்பது, கொள்ளிடத்தில் தண்ணி விடுவது எப்படி என்று கேட்பது போல. உள்ளே இருப்பதே அதுதான். மிகக் கிட்டத்தில் இருப்பதை மட்டும் சேர்க்க முடியாது. பல்லடம், உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை, ஆனால் 1987இலிருந்து கள் இறக்கத் தடை. இளநீர் குடிக்கலாம், அதே மரத்தின் பாளையைச் சீவிக் கள் இறக்கினால் வழக்கு.

மூன்றாம் சனிக்கிழமை நடந்ததே இந்த ஆய்வின் உச்சம் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னலுக்குப் பட்டம் விட்டவர், 1763இல் நண்பர் ஒருவருக்குப் பால் பஞ்ச் செய்முறை எழுதி அனுப்பினார். 6 குவார்ட் பிராந்தி, 44 எலுமிச்சையின் தோல், அதோடு பால். குவார்ட் வேறு, குவார்ட்டர் வேறு. நம் கணக்கில் அது சுமார் 31 குவார்ட்டர். அமெரிக்க சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி ஆய்வாளனுக்கு இருந்த சில ஐயங்கள் இதனால் தீர்ந்தன.

நாங்கள் ஒரு குவார்ட்டரோடு நிறுத்திக்கொண்டோம். 180 மில்லி பிராந்தி, இரண்டு எலுமிச்சைச் சாறு, நன்னாரி சர்பத், தட்டிய மிளகு நாலைந்து, ஆறிய டீ டிகாக்ஷன். ஆவின் பச்சை பாக்கெட்டில் ஒரு டம்ளர் பாலைச் சூடாக்கி அதில் இந்தக் கலவையை மெல்ல ஊற்றினார் மாஸ்டர். பால் திரிந்தது. செங்கல் நிறத்தில் திப்பிதிப்பியாக ஏதோ மிதந்தது. "கெட்டுப்போச்சுங்க," என்று மாமா எழுந்துவிட்டார். மாஸ்டர் முகத்தில் மட்டும் பழகிய இடத்துக்கு வந்த சந்தோஷம்.

"மாமா, உக்காருங்க. இது நம்ம எஃப்ளூயன்ட் பிளாண்டுங்க."

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடிக் கிடந்ததையும், ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்ற நிலையில் பட்டறைக்காரர்கள் படித்த பாடத்தையும் பார்த்தவர் அவர். சாயத்தண்ணியில் மருந்து போட்டால் நிறமெல்லாம் திரண்டு சகதியாக அடியில் இறங்கும். மேலே தெளிவு நிற்கும். பாலிலும் அதேதான். புளிப்பால் திரியும் பால்புரதம் டீயின் துவர்ப்பையும் நிறத்தில் பெரும்பகுதியையும் பிடித்துக்கொண்டு கட்டியாகிறது. வடித்தால் தெளிவு.

எதில் வடிப்பது? பனியன் ஊரில் இதற்குப் பதில் தேட வேண்டியதில்லை என்று நினைத்தோம். முதலில் தம்பி கொண்டுவந்த கிரே துணி. ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் முத்து மாதிரி மேலேயே நின்றது. வெளுக்காத பருத்தியில் மெழுகு இருக்கும், தண்ணியை உறிஞ்சாது. அடுத்து ஃபினிஷிங் ஆன வெள்ளைத் துணி. மாஸ்டர் தொட்டுப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, "சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டதுங்க, வாயில படக் கூடாது," என்று தள்ளிவிட்டார். ரிப் துணி இழுத்தால் ஓட்டை விரிந்து திப்பியெல்லாம் இறங்கும். மாடிப்படி இறங்கிப் போன தம்பி, பட்டறையிலிருந்து வந்த ஒரு முழத் துண்டோடு திரும்பினார்: வெளுத்து, நன்றாக அலசி, சாஃப்ட்னர் போடாத சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம். சொட்டு விழுந்ததும் மறைந்தது. வெந்நீரில் இரண்டு தடவை முக்கிப் பிழிந்து எவர்சில்வர் சொம்பின் வாயில் கட்டினோம். முதல் வடிப்பு கலங்கல். துணிமேல் திப்பி ஒரு படுகையாகப் படிந்த பிறகு அதையே திரும்ப ஊற்றினோம். இரண்டாம் வடிப்புக்கு முக்கால் மணி நேரம். நாலு பேரும் பேசாமல் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். மாமா ஒருவர்தான் நடுவில், "ஒரு பீஸ் தைக்கிற நேரத்துல ஒரு சொட்டுங்க," என்றார்.

சொம்பில் இறங்கியது வெளிர் தேன் நிறம். பிராந்தியின் எரிச்சல் இல்லை, நன்னாரி நாக்கின் நடுவில், மிளகு தொண்டையில். மாமா அரை டம்ளர் குடித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பன்னீர் சோடா இருக்கா என்று கேட்டார். சைட் டிஷ்ஷைப் பற்றி இந்தக் கட்டுரை பேசாது. பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தனி நூல் தேவை.

வடிகட்டிய துணியை அலசி மாடிக் கொடியில் போட்டிருந்தோம். திங்கட்கிழமை காலை அவசரத்தில் தம்பி அதை மற்றத் துண்டுகளோடு, சாய மாதிரிகள் போகும் லேப் டிப் கவரில் போட்டு பையர் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார். புதன்கிழமை பதில் மெயில் வந்தது. அனுப்பிய ஷேடுகள் எல்லாம் ரிஜெக்ட், பெயர் போடாத அந்த பீஜ் மட்டும் அப்ரூவ்டு, உடனே ரெசிப்பி அனுப்பவும்.

மாஸ்டர் லேப் ஷீட்டை எடுத்து வைத்திருக்கிறார். முதல் வரியில் சாயத்தின் பெயரும் சதவீதமும் எழுத வேண்டும். அவருக்கும் ஆவின் பாக்கெட்டின் நிறம்தான் ஞாபகத்தில் இருக்கிறது.