எடைக்கு எடை

என் புல்லட்டின் ஹாரன் போன மாதம் 'பாம்' என்பதை மறந்து, சளி பிடித்த எருமை மாதிரி முனக ஆரம்பித்தது. இண்டிகேட்டர் யோசித்து யோசித்து மினுக்கியது. செல்ஃபை அழுத்தினால் 'டிக்', அவ்வளவுதான். பேட்டரிக்கு நாள் நெருங்கிவிட்டது எங்கள் தெருவுக்கே தெரிந்துபோனது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா மகன் தலையில் அடித்துக்கொண்டான். "1859-ல ஒரு பிரெஞ்சுக்காரர் செஞ்ச ஈய பேட்டரியை இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்களே மாமா! லித்தியம் போடுங்க. நாலு கிலோவுக்கு மேல இருக்கிறது ஒரு கிலோவாயிடும். வண்டி பறக்கும்."

வண்டி 180 கிலோவுக்கு மேல். அதன் மேல் நான் 88. மூன்று கிலோ குறைந்தால் பறக்கும் என்ற கணக்கை அவன் அத்தை காதில் விழாமல் சொல்லச் சொன்னேன்.

உறையூர் மெக்கானிக்கிடம் போனேன். "லித்தியம் ஸ்டிக்கர்ல 12 ஆம்பியர் ஹவர்னு போட்டிருப்பான் சார். அது ஈயத்துக்குச் சமமாம். உள்ளே நெசமா இருக்கிறது 4, 5தான்" என்றார். மாப்பிள்ளைக்கு ஒரு லட்சத்துக்குச் 'சமமான' சம்பளம் என்று தரகர் சொல்வாரே, அந்தக் கணக்கு. ஸ்டார்ட் பண்ணும் நேரத்துக்குத் தெம்பாக உதைக்குமாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஹெட்லைட்டை மறந்தால் வெளுத்துவிடுமாம் சாயம்.

"அதோட உங்க ரெகுலேட்டருக்கும் வயசாச்சு. 14.6 வோல்ட்டைத் தாண்டினா லித்தியம் கோவிச்சுக்கிட்டு கதவைச் சாத்திக்கும். ஈயம் பாவம், ரெண்டு மடக்கு டிஸ்டில்டு வாட்டர் குடிச்சிட்டு அடங்கிரும்."

லித்தியத்தையும் குறை சொல்லக் கூடாது. இரண்டு மாதம் சும்மா நிறுத்தினாலும் தெம்பு போகாது. ஆசிட் தெறித்து பேண்ட்டில் ஓட்டை விழாது. உறைபனியில் சார்ஜ் ஏற்றக் கூடாதாம். திருச்சியில் அந்தக் கவலை யாருக்கு? நம் வெயில் அதிகம் கொல்வது ஈயத்தைத்தான்.

விலை மூன்று பங்கு என்பதைக்கூட விழுங்கியிருப்பேன். என்னைத் தடுத்தது அது சாகும் விதம். கிட்டத்தட்ட கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே கம்பீரமாக நின்றுவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குக் காவிரிப் பாலத்து நடுவில் பொசுக்கென்று போய்விடும். ஈயம் அப்படியில்லை. எங்கள் பெரியப்பா மாதிரி. முதலில் இருமும், பிறகு படுக்கும், சொந்தபந்தமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போக அவகாசம் கொடுக்கும்.

ஈயமே வாங்கினேன். கடைக்காரர் பழையதைத் தராசில் வைத்தார். நாலு கிலோ முந்நூறு. கிலோவுக்கு இவ்வளவு என்று புதுசின் விலையில் கழித்துக்கொண்டார்.

"லித்தியம் செத்தா என்ன கழிப்பீங்க?"

"அதுக்கு நான் தராசே எடுக்க மாட்டேன் சார்."

வீட்டுக்கு வந்ததும் மருமகனுக்குப் போன் போட்டேன். "பாத்தியாடா, கனமா இருக்கிறதுல என்ன மதிப்புன்னு! செத்த பிறகும் எடைக்கு எடை காசு!"

பின்னால் காபியோடு நின்றிருந்த மனைவி என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள்.