ஐம்பது நிமிடத் தாய்மடி

மன அமைதி வேண்டுமென்றால் முன்பெல்லாம் திருவண்ணாமலைக்குப் போவார்கள். இப்போது அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை, பெங்களூரே போதும். சில்க் போர்டு சந்திப்பில் மணிக்கணக்கில் நிற்கவைத்து நரம்பை முறுக்குகிற ஊர், முறுக்கிய நரம்பை நீவிவிடுகிறவர்களையும் பக்கத்திலேயே எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் குடிவைத்திருக்கிறது. வியாதியும் வைத்தியமும் ஒரே பின்கோடில் கிடைக்கிற பாக்கியம் வேறெந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது?

பெல்லந்தூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஒருவன், யாரோடு நெருங்கினாலும் அவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்திலேயே நெருங்காமல் இருப்பவன். "இதுக்கு அட்டாச்மென்ட் பிரச்சினைன்னு பேராம் அண்ணா. அதுக்குன்னே தெரபி இருக்காம். நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்க" என்றான். ஆள் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்த பிறகுதான் இந்த ஊரின் அருமை எனக்குத் தெரிந்தது.

இங்குள்ள தெரபிஸ்ட்களின் கல்விப் பரப்பைச் சொல்லி மாளாது. ஒருவருடைய அறிமுகப் பக்கத்தைத் திறந்தால் மணிபிளான்ட், மரமேசை, புன்னகை. கீழே அவர் கைவந்த கலைகள்: சி.பி.டி., டி.பி.டி., இ.எம்.டி.ஆர்., சோமாட்டிக், டிராமா, தம்பதியர் பிரச்சினை, ஏ.டி.எச்.டி., வேலை மாற்றம், துக்கம், கூடவே அட்டாச்மென்ட். அதற்கும் கீழே 'அனுபவம்: 2 ஆண்டு'. ஆயகலைகள் அறுபத்துநான்கையும் இரண்டு ஆண்டில் முடித்துவிடும் மேதைகள் நாளந்தாவில்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த அட்டாச்மென்ட் கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேயர் பாவம், மெதுவாகப் படிக்கிறவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. தாயை மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் பார்க்கக் கிடைக்கும், மற்ற நேரமெல்லாம் வளர்த்தவள் ஒரு செவிலி. அவருக்கு நான்கு வயதாகும்போது அந்தச் செவிலியும் வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்தப் பிரிவின் வலியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தாயை, தாய்போல் இருந்தவரைப் பிரிகிற குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951-இல் அறிக்கையாக எழுதிக்கொடுத்தார். பிறகு 1969, 1973, 1980 என்று பதினோரு ஆண்டு இடைவெளியில் மூன்று தடித்த நூல்கள் எழுதி முடித்தார். பெங்களூரில் இதையே சனி, ஞாயிறு இரண்டு நாளில் மதியச் சாப்பாட்டோடு சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தந்துவிடுகிறார்கள்.

அளந்து பார்ப்பதிலும் நம்மவர்கள் சமர்த்தர்கள். வயதுவந்தவர்களின் அட்டாச்மென்ட்டைக் கண்டறிய மேரி மெயின் என்பவர் 1980-களில் ஒரு நேர்காணல் முறையை வகுத்தார். அந்த நேர்காணலை மதிப்பிடத் தகுதிபெற இரண்டு வாரப் பயிற்சி, அதன் பிறகு ஒன்றரை ஆண்டுவரை நீளும் தேர்வு. இங்கேயோ போனில் பத்துக் கேள்வி. 'உங்கள் தாயோடு இருந்த நெருக்கத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுக்கவும்.' மெட்ரோ எம்.ஜி. ரோட்டிலிருந்து டிரினிட்டி போய்ச் சேர்வதற்குள் நீங்கள் பதற்றப் பிணைப்பா, விலகல் பிணைப்பா என்று தெரிந்துவிடும். தெரிந்த கையோடு எட்டு அமர்வுத் தொகுப்புக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி.

தள்ளுபடி என்றதும் என் அத்தை மகன் சேர்ந்துவிட்டான்.

இந்தத் தெரபியின் சூட்சுமம் எளிமையானது. சிறுவயதில் நம்பி ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் போனவனுக்கு, வாரந்தோறும் அதே நேரத்தில், அதே நாற்காலியில், அதே ஆள். அவர் விடுமுறையில் போனாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வருவார். அவர்மேல் கோபப்படலாம், கோபப்பட்ட அடுத்த வாரமும் அவர் இருப்பார். இதை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அனுபவித்த பிறகுதான் மனிதர்கள் நிலைப்பார்கள் என்பதை உடம்பு நம்பத் தொடங்குகிறது. ஆக, மருந்தே அந்த ஆள்தான்.

அவன் பணம் கட்டிய நிறுவனமோ இந்தப் பழமையில் தேங்கி நிற்கவில்லை. மூன்றாவது அமர்வில் பெரியம்மா வீட்டில் வளர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தான். நான்காவது அமர்வுக்கு முந்தின நாள் மின்னஞ்சல் வந்தது: 'உங்கள் தெரபிஸ்ட் தம் பயணத்தின் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டார். கவலை வேண்டாம், உங்களுக்கு ஏற்ற இன்னொருவரை எங்கள் அல்காரிதம் தேர்ந்தெடுத்திருக்கிறது.' கடைசியில் ஒரு மஞ்சள் இதயம்.

இதே அட்டாச்மென்ட்டை ஆராய்ந்த மேரி அயின்ஸ்வொர்த் என்ற அம்மையார் முதலில் உகாண்டாவின் கிராமங்களிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்த்தவர். பால்டிமோரில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் ஓர் அறையில் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் உள்ளே வருகிறாள். தாய் வெளியே போகிறாள், சிறிது நேரத்தில் திரும்புகிறாள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவள் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று கண்டார். ஓடிவந்து கட்டிக்கொள்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கட்டிக்கொண்டே அடிக்கிறதா? பெங்களூரு நிறுவனம் இந்தச் சோதனையைச் செம்மைப்படுத்திவிட்டது. தாய் திரும்பி வருகிற கட்டத்தை வெட்டிவிட்டார்கள். அறையில் முன்பின் தெரியாதவர் மட்டும் இருப்பார். அவரிடம் பெரியம்மா வீட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கதையை எந்த மொழியில் தொடங்குவது என்பதிலும் ஊருக்கு ஒரு நாகரிகம் உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கிறார்கள். ஆனால் நான் பார்த்த படிவங்களில் மொழி என்ற கட்டத்துக்குள் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழை விடுங்கள், இது எந்த ஊர் என்று கன்னடத்துக்கே சந்தேகம் வந்திருக்கும். இதிலும் ஒரு நன்மை இருக்கிறது. 'என்னை ஏம்மா விட்டுட்டுப் போனே' என்று தமிழில் கேட்டால் தொண்டை அடைத்து, மூக்கு ஒழுகி, ஐம்பது நிமிடமும் வீணாகப் போகும். அதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது ஸ்டாண்டப் மீட்டிங்கில் அறிக்கை வாசிக்கிற மாதிரி கண் கலங்காமல் சொல்லிவிட முடிகிறது. அமர்வுக்கு 1500-இலிருந்து 3500 ரூபாய்வரை கொடுத்துவிட்டு அழுவது என்ன பண்பாடு?

அரசாங்கத்தின் பெருந்தன்மையையும் பாராட்டாமல் இருக்க முடியாது. தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவருக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அடுத்தவன் மனசைத் திறந்து உள்ளே கைவிட ஒரு விசிட்டிங் கார்டு போதும். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள மட்டும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தெரபிஸ்ட், கவுன்சலர், ஹீலர், கோச் என்று போட்டுக்கொண்டால் கேட்பாரில்லை. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அவசரப்பட்டு நடைமுறைப்படுத்தி யார் மனசையும் புண்படுத்தக் கூடாது என்று நிதானமாக நடக்கிறார்கள். பதிவெண் இல்லாத அருமையான ஆலோசகர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களையும் மற்றவர்களையும் பிரித்தறிய நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஒரே கருவி இன்ஸ்டாகிராம்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. அட்டாச்மென்ட் தெரபி என்ற பெயரிலேயே, பௌல்பியின் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு முரட்டு வைத்தியம் அங்கே நடந்துவந்தது. 2000-ஆம் ஆண்டு கொலராடோவில், தத்தெடுத்த தாயோடு ஒட்டவைக்கிறோம் என்று பத்து வயதுச் சிறுமியைத் துணியில் சுற்றி அமுக்கினார்கள். குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. தெரபிஸ்ட்கள் இருவருக்குப் பதினாறு ஆண்டு சிறை கிடைத்தது. அங்கே அந்த முறைக்குத் தடை வந்தது அதன் பிறகுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் பேசாமல் நிற்கிறது. 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி, 1974-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாட்டின் மருத்துவ உளவியலாளர்களுக்கு 1955-லேயே பயிற்சி தரத் தொடங்கிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் தகுதியான ஆளைத் தேட ஹேஷ்டேக் வேண்டியிருக்கிறது என்றால், எழுபது ஆண்டில் நாம் கண்ட முன்னேற்றத்துக்குக் கண் பட்டுவிடும். அதே நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடுவரை சிகிச்சை பெறுவதில்லை என்றது. சிகிச்சைக்குக் கிளம்பி, மூன்று அமர்வில் மூன்று பேரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

என் அத்தை மகன் இப்போது இன்னொருவரிடம் போகிறான். அவருடைய பக்கத்தில் மணிபிளான்ட் இல்லை. முதல் நாளே அவன் நான்கு கேள்வி கேட்டான். உங்கள் பதிவெண் என்ன, இந்த முறையை யாரிடம் எத்தனை காலம் பயின்றீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் உண்டா, அடுத்த ஒரு வருடம் இங்கே இருப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர் காலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாராம். நீங்களும் தேடுகிறவராக இருந்தால் இந்த நான்கையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, எண்ணைச் சரிபார்க்கக் காசு கேட்பதில்லை. ஆள் கிடைக்கும்வரை ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.