ஏ சைடு 45 நிமிஷம்

போன இதழில் போகிற போக்கில் ‘ராத்திரியில் ஜாஸ் கேட்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சிறுகீரை விலை கேட்பவரும், ஜாதகம் கேட்பவரும் மன்னிக்கவும்.

ஸோல், ராப், பாப், ஜாஸ்... நாலுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லவும்.
– அவசரக்காரர், அரியலூர்

சர்ச்சில் கடவுளுக்குப் பாடியதைக் காதலிக்குப் பாடினால் ஸோல். பாடாமல் பேசினால் ராப். இருவரும் தூங்கப் போன பிறகும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பது ஜாஸ். இவர்கள் எல்லாரிடமும் கைமாத்து வாங்கிக்கொண்டு கார் வாங்கியது பாப்.

ஒரு ஆல்பம் நல்லதா இல்லையா என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?
– தராசு, தாராபுரம்

என்னுடையது கேசட் கணக்கு. எண்பதுகளில் எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் 45 நிமிஷம். கடைக்காரருக்கு நல்ல காது, கூட்டல்தான் வராது. இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே ‘டக்’ என்று நிற்கும். சில பாட்டுகள் எப்படி முடிகின்றன என்பதே இருபது வருஷம் கழித்து யூடியூபில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காயத்தால், புது ஆல்பம் எது வந்தாலும் முதலில் மொத்த நிமிஷத்தைப் பார்க்கிறேன். ஏ சைடுக்குள் முடித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு ஒரு கும்பிடு.

கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’ 44 நிமிஷம். 2024 நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்து விழுந்தது. ஜிஎன்எக்ஸ் என்பது 1987இல் ப்யூக் கம்பெனி 547 மட்டுமே செய்த ஒரு கறுப்புக் கார். லமார் பிறந்ததும் அதே வருஷம். ராப் ஆல்பம் என்று போட்டால் முதலில் கேட்பது டெய்ரா பரேரா என்ற மரியாச்சிப் பாடகியின் ஸ்பானியக் குரல். நான் தப்பான பாட்டைத் தட்டிவிட்டேனோ என்று போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார். கோபம் நல்ல கோபம்தான், ஆனால் அரை மணி நேரம் தொடர்ந்து ஒருவர் கோபமாக இருந்தால் அவருக்கு மோர் கொடுக்கத்தான் தோன்றுகிறது.

அந்த மோர், பாடகி ஸிஸாவோடு சேர்ந்து பாடும் ‘லூதர்’. 1967இல் மார்வின் கேயும் டாமி டெரலும் ஒரு காதல் பாட்டுப் பாடினார்கள். எண்பதுகளில் அதை லூதர் வாண்ட்ராஸும் ஷெரில் லின்னும் மறுபடி பாடினார்கள். அந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன்மேல் கட்டியது இது. பாட்டியின் காசுமாலையை அழித்து அம்மா வளையல் செய்துகொள்ள, அதை அழித்துப் பேத்தி கம்மல் செய்துகொண்ட கதை. தங்கம் அதே தங்கம். செய்கூலிதான் ஏறிக்கொண்டே போகிறது.

ராப் என்பதே திட்டுவதுதானே? அதற்கெல்லாம் விருது வேறா?
– தமிழாசிரியர் (ஓய்வு), திருவாரூர்

ஐயா, காளமேகத்தைப் பாடம் நடத்திய வாயால் இப்படிக் கேட்கலாமா? இதே லமாரின் ‘டேம்’ ஆல்பத்துக்கு 2018இல் புலிட்சர் பரிசே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்த இசைப் பரிசு மேற்கத்திய செவ்வியல், ஜாஸ் தவிர வேறு யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை.

பாட்டுகளை ஷஃபிளில் போட்டுக் கேட்பது தப்பா அங்கிள்?
– ஒரு பிளஸ் டூ மாணவி, காரைக்குடி

தப்பில்லை. பாயசத்தில் ஆரம்பித்து, மோருக்குத் தாவி, கடைசியில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டாலும் வயிறு நிறையும். ஆனால் பரிமாறியவர் மனசு என்ன பாடுபடும்? பாடகி அடெல் இதைச் சொல்லி முறையிட்டதால்தான் 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளே முதல் தேர்வாக இருந்ததை மாற்றியது. லமார் இன்னும் விவரமானவர். ‘டேம்’ பாட்டுகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு அப்படியே திருப்பி அடுக்கி, அதையும் தனிப் பதிப்பாக வெளியிட்டார். இரண்டு வரிசையிலும் கேளம்மா. ஒரு வரிசையில் அவர் சாவில் ஆரம்பிக்கிறார், மறு வரிசையில் அதில் முடிக்கிறார். அதற்குப் பிறகும் ஷஃபிள் வேண்டுமென்றால் உன் இஷ்டம்.

டேய்லர் ஸ்விஃப்ட் ஒரே ராத்திரியில் 31 பாட்டு வெளியிட்டாரே, கேட்டீர்களா?
– ரசிகை, ராஜபாளையம்

முதலில் 16. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15. ‘போய்ட்டு வர்றேன்’ என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று அடுத்த கதையை ஆரம்பிக்கும் அத்தை எங்கள் வீட்டிலும் உண்டு. அத்தை நல்லவர்.

ராப் பாடகர் ஒருவர் வெறும் புல்லாங்குழல் ஊதி ஆல்பம் போட்டாராமே?
– குழலிசைப் பிரியர், குளித்தலை

ஆண்ட்ரே 3000. ‘அவுட்காஸ்ட்’ ஜோடியில் ஒருவர். இவர்கள் ஆல்பம் 2004இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அதற்குப் பிறகு அடுத்த ராப் எப்போது, எப்போது என்று உலகமே நச்சரித்துக்கொண்டிருக்க, 2023 நவம்பரில் ‘நியூ ப்ளூ சன்’ வந்தது. எட்டு உருப்படி, 87 நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. முதல் உருப்படியின் தலைப்பே ஒரு மன்னிப்புக் கடிதம்: ராப்தான் போடலாமென்று இருந்தேன், காற்று இந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்கிற பொருளில். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் அது பில்போர்டின் முதல் நூறு பாட்டில் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் ஏறியவற்றிலேயே நீளமானது என்ற பெயரும் வாங்கியது.

வாசிப்பு எப்படி? மாலியின் புல்லாங்குழலைக் கேட்டு வளர்ந்த காதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ராகமும் இல்லை, அவசரமும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து, “தண்ணி மோட்டார் ஓடுதா?” என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஆனால் மறுநாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது அவளேதான் “அந்த மோட்டாரைப் போடுங்க” என்றாள். அதைவிடப் பெரிய விமர்சனம் எனக்கு எழுத வராது.

கூடவே ஒன்று. லண்டனில் ஷபாகா ஹட்சிங்ஸ் என்ற ஜாஸ்காரர் சாக்ஸஃபோனில் கொடிகட்டிப் பறந்தவர். அதை 2023 கடைசியில் ஓரமாக வைத்துவிட்டு ஜப்பானிய மூங்கில் குழல் ஷாகுஹாச்சி பக்கம் போய்விட்டார். அடுத்த ஏப்ரலில் வந்த அவர் ஆல்பத்தில் ஒரு பாட்டில் ஆண்ட்ரேயும் ஊதுகிறார். இரண்டையும் கேட்டால் யார் பயின்றவர், யார் ஆசைப்பட்டவர் என்பது மூச்சிலேயே தெரியும். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

ஸோல் பாடகர் டிஆஞ்சலோ இறந்துபோனார் என்று படித்தேன். அவ்வளவு பெரிய ஆளா?
– புதிதாகக் கேட்பவன், பொள்ளாச்சி

2025 அக்டோபர் 14. வயது 51. மொத்தமே மூன்று ஸ்டுடியோ ஆல்பம்: 1995, 2000, 2014. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைப் பொங்கல் தாண்டித் தருகிற டெய்லர் மாதிரி. ஆனால் தையல் பிரிந்ததே இல்லை.

நடுவில் வந்த ‘வூடூ’வைப் போடுங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நியூயார்க்கில் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் பதிந்தது. டிரம்ஸ் க்வெஸ்ட்லவ், பேஸ் கிட்டார் பீனோ பல்லடினோ. வார்த்தையை விடுங்கள், தொடையில் தாளம் தட்டுங்கள். உங்கள் கை விழுந்து, கண்ணிமைக்கும் நேரம் கழித்துத்தான் பேஸ் விழும். முதல் பாட்டில் ‘ஆட்கள் தூங்கிவிட்டார்களா?’ என்று தோன்றும். மூன்றாவது பாட்டில் உங்கள் கை தானாகத் தாமதிக்கும். பள்ளம் மேடான வண்டிப்பாதையில் மாடு எப்படி நடக்கும்? கால் ஒன்று, வண்டி ஒன்று, ஆனால் ஊர் போய்ச் சேரும். அந்த நடை.

இதைக் கற்றுக்கொடுத்தவர் டெட்ராய்ட்டின் ஜே டில்லா. தாள மெஷினில் அடிகளைத் தானாக வரிசைக்கு இழுத்து நிறுத்தும் வசதி இருக்கும். அதை நம்பாமல், விரல் விழுந்த இடத்திலேயே அடியை விட்டுவைப்பார். மெஷின் மனிதனைப் போல் வாசிக்க, அந்த மெஷினைப் போல் வாசிக்க க்வெஸ்ட்லவ் பாடுபட வேண்டியதாயிற்று. இன்றைக்குப் பாதி உலகத்தின் ஸோல் ஆல்பங்கள் இந்தத் தள்ளாட்டத்தைத்தான் நகல் எடுக்கின்றன. பலருடையது தள்ளாட்டமாகவே நின்றுவிடுகிறது.

கடைசி ஆல்பம் ‘பிளாக் மெசையா’வைக் கம்ப்யூட்டரின் ஜிகினா வேலை எதுவும் இல்லாமல் முழுக்க டேப்பில் பதிந்தார். கேசட்காரன் நான், அவர் கட்சிதான்.

கிளிப்பச்சையில் ஒரு அட்டை, அதில் மங்கலாக ஒரு வார்த்தை. அதெல்லாம் ஆல்பமா?
– ஓவியர், ஒட்டன்சத்திரம்

சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘ப்ராட்’. அந்த வார்த்தையை 2024இன் வார்த்தையாகவே காலின்ஸ் அகராதி அறிவித்தது. சொந்தக்காரக் குழந்தையை ‘அடங்காதது’ என்று சொல்வோமே, ஏறக்குறைய அது. அட்டையைச் செய்ய எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று யோசித்தேன். பாட்டைக் கேட்டபோது அந்த எண்ணமே வரவில்லை. 41 நிமிஷம், கும்பிடு.

உங்களைப் போலவே கேள்வி-பதில் போடும் ராப் பாடகி இருக்கிறாராமே?
– கலகக்காரர், கல்லிடைக்குறிச்சி

டோச்சி. ஃபுளோரிடாவின் டாம்பா ஊர்க்காரர். ஒரு பாட்டில் தானே கவுன்சலராகி இன்னொரு குரலில் கேள்வி கேட்பார், தானே பதிலும் சொல்வார். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கும், கடைசியில் அந்த மூச்சிரைப்பே தாளமாகிவிடும். 2025இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. பெண் குரலுக்கு அது மூன்றாவது முறைதான். நான் இங்கே வருஷக்கணக்காகப் பதில் சொல்கிறேன். எனக்கு மூச்சு மட்டும்தான் வாங்குகிறது.

பியான்ஸேக்கு எதற்கு நாட்டுப்புறப் பாட்டு?
– கிராமத்தான், கமுதி

அவர் டெக்சாஸ் பெண். அந்தக் கேள்வியை அங்கேயும் கேட்டதால்தான் ‘கவ்பாய் கார்ட்டர்’ பிறந்தது. ஆனால் அதில் என் காது நின்றது வேறு குரலில். லிண்டா மார்டெல் என்ற பெண்மணி 1969இல், அந்த நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர்போன ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். அடுத்த வருஷம் ஒரே ஒரு ஆல்பம், அத்தோடு கதவைச் சாத்திவிட்டார்கள். எண்பதைத் தாண்டிய அவரை பியான்ஸே கூப்பிட்டுச் சில வரி பேச வைத்திருக்கிறார். 27 உருப்படியில் பாதியைக் குறைத்திருக்கலாம். அந்தக் கிழவியின் ஒரு சொல்லைக் குறைக்க விடமாட்டேன்.

நம்ம ஆட்கள் இதில் யாருமே இல்லையா?
– இனப்பற்றாளர், ஈரோடு

உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான். கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்தான் 1969 வுட்ஸ்டாக் விழாவில் தொடக்க உரை ஆற்றியவர். ஜாஸ் ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் அவரிடம் போய், அவர் பெயரையே தலைப்பில் வைத்து 1971இல் ஒரு ஆல்பம் வெளியிட்டார். தம்புரா சுருதியில் ஆரம்பிக்கும். 2024இல், தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா அந்த ஆலிஸின் வழியைப் பிடித்து ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ போட்டிருக்கிறார். போனது திரும்பி வந்திருக்கிறது. ஸோல் வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் ப்ரியா ராகு. ஈழத்திலிருந்து போன குடும்பம். ஆல்பத்தின் பெயரே ‘சந்தோஷம்’.

கேசட் கணக்குக்கு அடங்காத எதையாவது மன்னித்ததுண்டா?
– நீதிமான், நிலக்கோட்டை

ஒன்றே ஒன்று. ஆலிஸின் அந்த ஆல்பத்தில் சாக்ஸஃபோன் வாசித்த ஃபாரோ சாண்டர்ஸ், எண்பது வயதில் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற இளைஞரோடும் லண்டன் சிம்ஃபனியோடும் சேர்ந்து 2021இல் தந்த ‘ப்ராமிஸஸ்’. ஒரு சின்ன ஸ்வரக் கொத்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நடுவில் கிழவர் வாத்தியத்தை எடுத்துவிட்டு, குழந்தையைத் தூங்க வைப்பவர் போல வார்த்தையில்லாமல் முனகுவார். அடுத்த வருஷம் போய்விட்டார். முடிந்துவிட்டது என்று நாம் எழுந்திருக்கும்போது வயலின்கள் மட்டும் ஒரு தரம் கிளம்பி அடங்கும். மொத்தம் 46 நிமிஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து டெக்கை இறக்கித் துடைத்து, பழைய கேசட் ஒன்றில் இதைப் பதிந்தேன். ராத்திரி போட்டுக் கேட்டோம். வயலின்கள் எழுந்தன. டக்.

“அவ்வளவுதானா?” என்றாள் மனைவி.